தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?

பட்டினப்பாக்கத்துத் தெருவுக்குள் தண்ணி என்றால் லாரியில் வருவது. சாலையைத் தாண்டி மணலில் இறங்கிவிட்டால் தண்ணி என்பது நீரோட்டம். ஒரே சொல்லுக்கு ஐம்பதடிக்குள் பொருள் மாறிவிடும். அங்கே விடிகாலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

ஒரு நாள் காலை அந்த மணலில் நின்றுகொண்டிருந்தேன். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழலில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். தொழிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருக்கும். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வந்து பக்கத்தில் குந்தினான்.

"தாத்தா, நைனா எப்ப வரும்?"

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, பாத்தியா?"

"தெரியல."

"நுரையப் பாருடா கண்ணு. மாதா கோயில் பக்கம் போவுதா, முகத்துவாரம் பக்கம் போவுதா?"

பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். "மாதா கோயில் பக்கம்."

"அப்ப தெண்டி. வலைய வடக்க இழுத்துனு போயிருக்கும். நொச்சிக்குப்பம் பக்கமா பாத்துனு இரு, அங்கேந்துதான் வருவான்."

பையன் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் தலையைக் குனிந்து வலையைத் தொடர்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு நிமிடத்தில் அந்தப் பையன் கற்றுக்கொண்டவற்றை எண்ணிப் பார்த்தேன். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தண்ணிக்குத் தெண்டி என்று பெயர். அதற்கு எதிர், வடக்கேயிருந்து தெற்கே வருவது, வன்னி. கரையோரத்து நுரையை வைத்து ஓட்டத்தை மதிக்கலாம். இறக்கிய வலை ஓட்டத்தோடு நகரும், வலையோடு படகும் நகரும். திசைக்குக் காந்த ஊசி வேண்டாம். வடக்கே சாந்தோம் மாதா கோயில், தெற்கே அடையாற்று முகத்துவாரம். கடலியல் அறிஞர்கள் இதையே வேறு மொழியில் சொல்வார்கள்: இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் பருவத்தோடு திசை மாறுகிறது, தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்னால் வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. ஆய்வுக் கப்பலும் செயற்கைக்கோளும் கொண்டு அவர்கள் அடைந்த முடிவு, இங்கே ஒரு கிழவர் வலை கோத்தபடி போகிறபோக்கில் சொல்லிவிடுகிற விஷயம்.

இந்தப் பாடத்துக்குக் கரும்பலகை தேவையில்லை. நான்கு பொருள் போதும். கடல். நுரை தெரிகிற அளவுக்குத் திறந்த கரை. தொழிலை விட்ட ஒரு கிழவர் யாரும் விரட்டாமல் உட்கார்ந்திருக்க ஓர் இடம். தகப்பன் வரவுக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளை. இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் பாடம் நின்றுபோகும். கடலை யாரும் எடுத்துவிட முடியாது. மற்ற மூன்றும் இந்த நகரத்தின் கையில் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

பட்டினப்பாக்கம் என்ற பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் இரு பாதியாகப் பிரிந்திருந்தது. கடலை ஒட்டிய பாதி மருவூர்ப்பாக்கம். மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் கடல் கடந்து வந்த வணிகரும் அங்கே இருந்தார்கள். அரசனும் செல்வரும் குடியிருந்த உள் பாதி பட்டினப்பாக்கம். சென்னையில் கடலோரத்துக்கே பட்டினப்பாக்கம் என்ற பெயர் வாய்த்திருக்கிறது. காப்பியத்துக் கணக்குப்படி பார்த்தால், இங்கே மருவூர்ப்பாக்கத்தார் வாழும் இடத்துக்குப் பட்டினப்பாக்கம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். பெயரைத் தொடர்ந்து பெயருக்கு உரியவர்களும் வந்துவிடுவார்களோ என்ற அச்சம் குப்பத்தில் கொஞ்ச காலமாகவே இருக்கிறது.

கரையின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கடற்கரையில் இடம் பிடித்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலை வரிசை வரிசையாக உடையும். ஐரோப்பியப் படகுகள் அதில் நொறுங்கிப்போகும். மூட்டை, பீப்பாய், குதிரை, கவர்னர், கவர்னரின் மனைவி எல்லாரையும் எல்லாவற்றையும் கரை சேர்த்தவை பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். கடிதமும் செய்தியும் கட்டுமரத்தில் போயின. எந்த அலைக்குப் பின் எந்த நொடியில் துடுப்பைப் போடுவது என்று தெரிந்த ஆட்கள் இந்தக் குப்பங்களில் இருந்தார்கள். ஒன்றிரண்டு ஆண்டல்ல, இருநூற்று நாற்பது ஆண்டு காலம் மதராஸ் என்ற பட்டணத்தின் வாசற்படி அவர்கள் தோள்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயணநூலில் நம் கட்டுமரத்தை விவரித்திருக்கிறார். அந்தச் சொல் அப்படியே உலகத்து மொழிகளுக்குள் போய்விட்டது. இன்று இரண்டு உடல் கொண்ட எந்தச் சொகுசுப் படகையும் மேல்நாட்டில் கட்டுமரம் என்றுதான் அழைக்கிறார்கள். கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது என்பது வேறு விஷயம்.

பிறகு துறைமுகம் வந்தது. 1870-களில் தொடங்கிய சுவர்கள் கடலுக்குள் நீண்டன. கடலோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து அகன்றது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வடக்குப் பக்கம், வரவேண்டிய மணல் வராததால், ராயபுரத்துக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. இன்று வரை அங்கே கல்லைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். நாம் சுண்டல் தின்னும் மெரினா மணலும், வடசென்னை மீனவன் இழந்த மணலும் ஒரே கணக்கின் வரவும் செலவும். தண்ணி எந்தப் பக்கம் ஓடுது என்று கேட்டுவிட்டுச் சுவர் வைத்திருந்தால் துறைமுகமே வந்திருக்காது என்று சொல்லமாட்டேன். விளைவு என்னவென்றாவது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி ஒரு விரிவான ஆய்வு வெளியிட்டார். எந்தக் கரையில் எத்தனை மரத்துண்டு, எப்படிக் கட்டு என்று நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார். அந்த ஆய்வு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. கட்டுமரம் கட்டத் தெரிந்த கையைத்தான் இன்று சென்னைக் கரையில் தேடவேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன. எடை குறைவு, வேகம் அதிகம், மோட்டார் மாட்டலாம். மீனவர்கள் மாறினார்கள், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கருவி மாறலாம். தெண்டியும் வன்னியும் ஃபைபர் படகையும் இழுக்கும்.

எல்லாம் கையை விட்டுப் போய்விட்டது என்று புலம்புவதும் பொய்யாகும். அடையாற்றுக்குத் தென்கரையில், உடைந்த பாலத்துக்கு அப்பால், ஊரூர் குப்பம். அங்கே எஸ். பாளையம் என்ற மூத்த மீனவர் காற்றையும் ஓட்டத்தையும் அலையையும் மீன்பாட்டையும் நாள்தோறும் கவனித்துக் குறித்துவைத்தார். இளைஞர்களையும் ஆய்வாளர்களையும் கரையில் நடக்கவைத்து, இது இன்ன காற்று, இந்தக் காற்றுக்கு இந்த மீன் என்று சொல்லிக்கொடுத்தார். இயற்கையியலாளர் யுவன் ஏவ்ஸ் 2023-இல் வெளியிட்ட கடற்கரை நாட்குறிப்பு நூலில் அவரை ஆசானாகவே எழுதியிருக்கிறார். அதே குப்பத்தின் கே. சரவணன், மீனவர்கள் பயன்படுத்தும் பொது இடங்களை, வலை காயும் இடம், படகு நிற்கும் இடம், மீன் உலரும் இடம் என்று வரைபடத்தில் ஏற்றும் வேலையைச் செய்தவர். ஒருவர் அறிவைக் குறித்தார். இன்னொருவர் அந்த அறிவு நிற்கும் தரையைக் குறித்தார். எனக்குப் பின்னது முன்னதைவிட அவசரமானதாகப் படுகிறது.

ஏன் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியை அடையாற்றில் தொடங்கினார். பின்னால் அது திருவான்மியூரில், கடலுக்கு அருகே, ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் வேரூன்றியது. முதிய ஆசான்களைக் கொண்டுவந்து வைத்து, மரத்தடியில் உட்காரவைத்து, பிள்ளைகளை அவர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள். 1993-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதைத் தேச முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. மிகச் சரியான காரியம். ஒரு கலை தலைமுறை தாண்டவேண்டுமென்றால் ஆசான் வேண்டும், மாணவன் வேண்டும், இருவரும் உட்கார இடம் வேண்டும், அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது இந்த நகரத்துக்கும் இந்த நாட்டுக்கும் நன்றாகத் தெரியும் என்பதை அது காட்டுகிறது. அதே கடலோரத்தில், சில கிலோமீட்டர் வடக்கே, அதைவிடப் பழைய ஒரு குருகுலம் நடக்கிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஆக்கிரமிப்பு.

1985-இல் மெரினாவை அழகுபடுத்தப்போவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசு இறங்கியது. எதிர்த்த மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை குப்பங்களுக்கு நடுவே போட்ட சாலை, லூப் ரோடு, பிற்பாடு நகரத்தின் அவசர வழியானது. 2023 ஏப்ரலில் அந்தச் சாலையோர மீன் கடைகளை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க, மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியது. மீனவர்கள் படகுகளைச் சாலையில் நிறுத்தி மறித்தார்கள். சாலைதான் எங்கள் ஊருக்குள் வந்தது, நாங்கள் சாலைக்கு வரவில்லை என்பது அவர்கள் வாதம். வரிசைப்படி பார்த்தால் அதை மறுக்க முடியாது. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். கூரை, மேடை, தண்ணீர்க் குழாய், வாகனம் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. பெண்களுக்கு வெயிலிலிருந்து விடுதலை என்ற வகையில் நல்லதே.

பெண்கள் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மூத்தோர் அறிவு என்றால் நமக்கு உடனே நரைத்த மீசைதான் கண்ணில் வருகிறது. மீன் கரைக்கு வந்த நொடியிலிருந்து அறிவு பெண்கள் கைக்கு மாறிவிடுகிறது. ஏலத்தில் எதுவரை போகலாம், எந்த மீனை முழுசாக விற்பது, எதைக் கூறு போடுவது, மிஞ்சியதில் எது கருவாட்டுக்குத் தாங்கும், எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம், எந்த வீட்டுக்குக் கூடாது: ஒரு பொருளாதார வகுப்பே அந்தக் கூடைக்குள் இருக்கிறது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மருமகள் கற்பது அது. படகு வந்து நிற்கும் மணலும் விற்கும் இடமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்வரை இந்தச் சங்கிலி அறாது. அங்காடி நல்லதா கெட்டதா என்பதை மேடையின் பளபளப்பு தீர்மானிக்காது; மணலுக்கும் அதற்கும் உள்ள தூரம் தீர்மானிக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. பூமியின் மறு கோடியில், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், அதபாஸ்கன் மொழிக்குடும்பத்து மக்களில் ஒரு பிரிவினர் அஹ்ட்னா. காப்பர் ஆற்றங்கரைக்காரர்கள். கோடையில் ஆற்றில் ஏறும் சால்மன் மீனைப் பிடித்து, கீறி, உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்ப்பது அவர்கள் வாழ்க்கை. 1915-இல் பிறந்த கேட்டி ஜான் அவர்களில் ஒரு மூதாட்டி. டனாடா ஓடை காப்பர் ஆற்றில் சேரும் பட்சுல்னெட்டாஸ் என்ற இடத்தில் அவர் குடும்பத்தின் மீன்பிடி முகாம் இருந்தது. 1964-இல் மாநில அரசு அங்கே மீன் பிடிக்கத் தடை போட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் பாட்டன் முகாமில் பிடிக்கக்கூடாது.

இருபது ஆண்டு கழித்து, 1984-இல், அவரும் டோரிஸ் சார்லஸ் என்ற இன்னொரு மூதாட்டியும் முகாமைத் திறக்கக் கேட்டு மாநில மீன்வள வாரியத்திடம் மனுப் போட்டார்கள். வாரியம் மறுத்தது. 1985-இல் வழக்குப் போட்டார்கள். நம் மெரினாவில் துப்பாக்கி வெடித்த அதே ஆண்டு. கேட்டி ஜானுக்கு அப்போது வயது எழுபது. அஹ்ட்னா மொழிக்கு எழுத்துமுறை உருவாக்கத் துணைநின்றவர் அவர். நினைத்திருந்தால் அகராதிக்காரர்களுக்குச் சொல் சொல்லிக்கொடுத்து, பாராட்டு வாங்கி, வீட்டில் இருந்திருக்கலாம். அவர் கேட்டது ஆற்றங்கரையை. மீனைக் கீறுவது எப்படி என்று பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமானால் கையில் மீன் இருக்கவேண்டும். மீன் இருக்க ஆற்றில் இறங்க உரிமை இருக்கவேண்டும்.

1995-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநில அரசு விடவில்லை. வழக்கு மறுபடி சுற்றி வந்தது. 2001-இல் அடுத்து உச்ச நீதிமன்றம்தான் என்ற நிலை. முடிவெடுக்க வேண்டியவர் அன்றைய ஆளுநர் டோனி நோல்ஸ். அந்நாட்டில் ஆளுநர் என்பவர் நம் முதல்வரைப் போல. அந்தக் கோடையில் அவர் பட்சுல்னெட்டாஸ் முகாமுக்கு நேரில் போனார். மூதாட்டியைச் சந்தித்தார். அவருடைய குடும்பத்தார் அந்தக் கரையில் மீனோடு இருப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். கேட்டி ஜான் 2013-இல், 97 வயதில் காலமானார்.

அதே அலாஸ்காவில் நடந்த இன்னொரு கதை இதற்குத் தலைகீழ். அதபாஸ்கன் மொழிகளுக்கு நெருங்கிய உறவு மொழி ஏயாக். அதைப் பேசி வளர்ந்த கடைசி ஆள் மேரி ஸ்மித் ஜோன்ஸ். மொழியியலாளர் மைக்கேல் கிராஸ் பல ஆண்டு அவரோடு உட்கார்ந்து அகராதியும் இலக்கணமும் திரட்டினார். 2008 ஜனவரியில் அம்மூதாட்டி இறந்தபோது மொழிக்கு ஆவணம் இருந்தது, பேச ஆள் இல்லை. இதில் ஒரு வியப்பும் உண்டு: பிரான்ஸ் நாட்டு இளைஞர் ஒருவர் அந்தப் பதிவுகளை வைத்தே ஏயாக் மொழியைக் கற்றுக்கொண்டார். ஆக, ஆவணம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. விதைநெல்லைக் குதிரில் காப்பாற்றுவது போன்றது அது. வயலை விற்றுவிட்டுக் குதிருக்குப் பூட்டுப் போடுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

சொல்லிவைத்தது எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதற்குக் கடல் ஒரு பரீட்சை வைத்தது. சுமத்ராவுக்கு மேற்கே சிமுலுவே என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே ஆழிப்பேரலை அடித்துப் பெரும் அழிவு. அதன்பின் அத்தீவின் பாட்டன் பாட்டிகள் அந்த அலைக்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004-இல் நில நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். நம் சென்னைக் கரையில் அப்படி ஒரு சொல் இருக்கவில்லை. 1881-இல் நிக்கோபாரில் பூமி அதிர்ந்தபோது வங்கக் கடலோரத் துறைமுகங்களின் அலைமானிகளில் சிறு அலை பதிவானதுண்டு. சிறியது, யாரையும் கொல்லவில்லை, அதனால் யாரும் பேரனுக்குச் சொல்லவில்லை. பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரம் 2004-இல் அதற்கான விலையைக் கொடுத்தது. கிழவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று கற்பூரம் கொளுத்துகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளவேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது தெரியும். பார்த்ததைப் பெயர் வைத்துப் பிள்ளைக்குக் கடத்தும் ஏற்பாடு உயிரோடு இருந்தால், அடுத்த தலைமுறைக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்.

காற்றும் ஓட்டமும் இப்போது பழைய மாதத்துக்கு வருவதில்லை என்று மூத்தவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் அந்த அறிவு காலாவதி ஆகிவிட்டதா? மாதக் கணக்கு வேண்டுமானால் பொய்த்துப்போகலாம். அந்தப் பெரியவர் பேரனிடம், இது பங்குனி, ஆகவே தெண்டி என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நுரையைப் பாரு என்றார். பஞ்சாங்கத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்காமல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பருவம் புரளும் காலத்தில் இந்தப் பழக்கத்தின் மதிப்பு ஏறுமே தவிர இறங்காது. தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் மீனவர்களின் கைப்பேசிக்கென்றே ஒரு செயலி உருவாக்கியிருக்கிறது. அலை உயரமும் காற்று வேகமும் அதில் வரும். நல்ல கருவி. 2017 ஒக்கிப் புயலில் குமரிக் கடலோரம் எத்தனை பேரைப் பறிகொடுத்தது என்று நினைத்தால் இத்தகைய கருவிகளின் தேவை புரியும். செயலி கடலின் பெரும் பரப்புக்குச் சொல்லும். இந்த முகத்துவாரத்தில், இந்தக் காலையில், வலை எங்கே போகும் என்பதைக் கண்தான் சொல்லவேண்டும்.

பிள்ளை கடலுக்குத்தான் போகவேண்டும் என்று கரைக்கு வெளியே வசதியாக உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் சொல்வது அநியாயம். பல பெற்றோர் தங்கள் பிள்ளை அலையில் அடிபடக் கூடாது என்றுதான் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அயோத்தியாகுப்பத்து மீனவக் குடும்பத்தில் 1860-இல் பிறந்த சிங்காரவேலர் சட்டம் படித்தார், பெரிய நூலகம் சேர்த்தார், 1923-இல் இதே கடற்கரை மணலில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். குப்பத்தை விட்டு அவர் அறிவு வெளியே போனது, அவர் மனம் போகவில்லை. அந்தச் சீருடைப் பையன் வக்கீலாகலாம், கடல் உயிரியல் படிக்கலாம், குளிர்சாதன அறையில் கணினி தட்டலாம். அவன் விலகிப்போவது அவன் முடிவாக இருக்கவேண்டும். காலுக்குக் கீழே மணலை உருவி அவனைப் போகவைத்துவிட்டு, இளைய தலைமுறைக்கு ஆர்வமில்லை என்று கட்டுரை எழுதக் கூடாது.

மணல் உண்மையாகவே உருவப்படுகிறது. 2018-இல் சீனிவாசபுரத்தில் வரிசையாக வீடுகள் கடலுக்குள் சரிந்தன. மிஞ்சிய மணலுக்கு நடைபாதை, பூங்கா, மேம்பாலம் என்று அவ்வப்போது திட்டங்கள் கிளம்புகின்றன. பெரிய வலை இழுக்கப் பார்த்திருக்கிறீர்களா? படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வரும்; இரு முனைக் கயிற்றையும் இரு அணியாக நின்று கரைக்கு இழுப்பார்கள். கிழவரும் இழுக்கலாம், பையனும் இழுக்கலாம். கடலுக்குள் போகத் தெம்பில்லாதவரையும், போகும் வயது வராதவரையும் ஒரே கயிற்றில் நிறுத்தும் தொழில் அது ஒன்றுதான். அதற்கு அகலமான, தடையில்லாத மணல் வேண்டும். அழகுக்காக வைக்கும் நாலு சிமெண்டு இருக்கை போதும், அந்த வலை நின்றுபோக.

2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவர் குடியிருப்புகளையும் அவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கச் சொன்னது. அதைத்தான் கேட்கிறோம். லூப் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள மணல், அடையாற்று முகத்துவாரம் வரை, வலை காயும் இடம், படகு ஏறும் இடம், பெரிய வலை இழுக்கும் இடம் என்று குப்பத்தார் சொல்லும் பெயரோடும் எல்லையோடும் அரசு வரைபடத்தில் ஏறட்டும். அடுத்த அழகுபடுத்தும் திட்டத்தின் கோப்பு தயாராவதற்கு முன்னால் ஏறட்டும். கையெழுத்துப் போடுகிறவர் ஒரு முறை விடிகாலையில் அங்கே வந்து நிற்கட்டும்.

அலாஸ்காவின் ஆளுநர் அந்த மூதாட்டியைப் பார்க்கத் தன் தலைநகரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனார். நம் கோட்டையிலிருந்து பட்டினப்பாக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.